முதுகுப்படம்

ஐப்பசி மழை விட்டும் விடாமலும் தூறிக்கொண்டிருந்த ஒரு காலைப்பொழுதில், வேலாங்குறிச்சியில் பால் வாங்கப் போனவர்களும், பிரஷ்ஷை வாயில் வைத்தபடி தெருவுக்கு வந்தவர்களும் ஒருவர் முதுகுக்குப் பின்னால் மற்றவர் எட்டிப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். முகநூலில் அவரவர் பெயருக்கு மேலே அகலமாக ஒரு படம் வைப்பார்கள் அல்லவா, அந்தப் படம் போனிலிருந்து இறங்கி வந்து, அவரவர் முதுகுக்குப் பின்னால் கை எட்டுகிற தூரத்தில், கல்யாண மண்டப வாசலில் கட்டுகிற ஃபிளக்ஸ் பேனர் போல, இடுப்பிலிருந்து தலைக்குச் சற்று மேலே வரைக்கும் கயிறும் இல்லாமல் கம்பும் இல்லாமல் நின்றது. நடந்தால் கூடவே நடந்தது, உட்கார்ந்தால் கூடவே தணிந்தது, திரும்பினால் கூடவே திரும்பியது. அருவிப் படம் வைத்திருந்தவனுக்கு அருவி விழுந்து சட்டைக் காலர் நனைந்தது. பனிமலை வைத்திருந்தவனுக்குப் பிடரி சில்லிட்டது. ரோஜாத் தோட்டம் வைத்திருந்த தபால்காரருக்குப் பின்னால் இரண்டு வண்டுகள் பூப்பூவாக அலைந்தன. சத்தம் மட்டும் கிடையாது. அருவியும் ஊமையாக விழுந்தது, வண்டும் ஊமையாகப் பறந்தது.

வேறு ஊராக இருந்தால் டிவிக்காரர்கள் வந்து இறங்குகிற அளவுக்குக் கூப்பாடு போட்டிருப்பார்கள். வேலாங்குறிச்சிக்காரர்கள் கூப்பாடு போடுகிற ரகம் இல்லை. முதலில் பார்த்தார்கள், பிறகு பேசினார்கள், வாரம் முடிவதற்குள் குறை சொல்ல ஆரம்பித்துவிட்டார்கள். கடல், அருவி, குளம் உள்ளவர்கள் தயவுசெய்து உள்ளே வர வேண்டாம் என்று ஜவுளிக்கடை வாசலில் எழுதி ஒட்டினார்கள். மினிபஸ் கண்டக்டர் பனிமலைக்காரர்களையெல்லாம் கடைசி வரிசைக்குத் துரத்தினார். பனிமலை வைத்த புருஷனும் பாலைவனம் வைத்த பெண்டாட்டியும் ஒரே கட்டிலில் படுக்க முடியாமல் பஞ்சாயத்துக்குப் போனார்கள். தாலுகா ஆபீசில் மனு கொடுத்தார்கள். இது எந்தத் துறையில் வருகிறது என்று தெரியாததால் மனுவை வாங்கிக்கொள்ள முடியாது என்று சொல்லிவிட்டார்கள். வார்டு கவுன்சிலர் வேல்ச்சாமிக்குப் பின்னால் அவருடைய தலைவர் விடாமல் கையசைத்துக்கொண்டிருந்தார். அசைத்து அசைத்துத் தலைவரின் தோள்பட்டையே இறங்கிவிட்டது என்று எதிர்க்கட்சிக்காரர்கள் கேலி பேசினார்கள். சட்டமன்ற இடைத்தேர்தல் வந்து அவரும் நின்றபோது சிலைகளை மூடுவது போலவே வேல்ச்சாமிக்குப் பின்னாலும் அதிகாரிகள் வெள்ளைத் துணியைப் போட்டு மூட, அவர் அந்த மாதம் முழுவதும் துணி மூடின முதுகோடு வாக்குக் கேட்டு அலைந்து தோற்றார். எந்த ராசிக்கு என்ன படம் வைக்கலாம் என்று ஜோசியர் பார்த்துச் சொன்னார். முகநூல் பக்கமே இல்லாதவர்கள் அம்மணமாக நிற்கிற மாதிரி கூசி, அவசர அவசரமாக ஒரு பக்கம் திறந்தார்கள். இப்படியெல்லாம் படம் நின்றது ரயில்வே கேட் வரைக்கும்தான். கேட்டைத் தாண்டினால் முதுகுக்குப் பின்னால் வெறும் காற்று.

முகப்புப்படம் என்று போனில் எழுதியிருந்ததை ஊர்க்காரர்கள் முதுகுப்படம் என்று மாற்றிக்கொண்டார்கள். அதுதான் சரியும்கூட. ஏனென்றால் இதில் ஒரு கொடுமை இருந்தது: யாருக்கும் தன் படம் தெரியாது. கண்ணாடியில் பார்த்தால் வீட்டுச் சுவர்தான் தெரிந்தது, போனில் எடுத்துப் பார்த்தாலும் சுவர்தான். வெடுக்கென்று திரும்பினாலும் படம் அதைவிட வெடுக்கென்று முதுகுப் பக்கம் போய்விட்டது. அடுத்தவர் கண்ணுக்கு மட்டும்தான் அது. அதனால் அந்த ஊரில் சாப்பிட்டாச்சா என்று கேட்கிற வழக்கம் போய், எனக்குப் பின்னாடி எப்படி இருக்கு என்று கேட்கிற வழக்கம் வந்தது. அடுத்தவர் சொல்கிற சொல்லை நம்பித்தான் ஒவ்வொருவரும் தன் முதுகைச் சுமந்தார்கள்.

மற்ற எல்லாரையும்விட அதிக முதுகுகளைப் பார்த்தவள் மேலத்தெருவில் பெண்களுக்கு ஜாக்கெட் தைக்கும் சங்கரவடிவு. அவளை எல்லோரும் வடிவு என்றுதான் கூப்பிடுவார்கள். அளவெடுக்கும்போது முதுகு அகலம் பார்க்கப் பின்னால் போய்த்தானே ஆக வேண்டும். படத்துக்கும் ஆளுக்கும் நடுவில் இருக்கிற சந்தில் அவள் தன்னைச் செருகிக்கொண்டு டேப்பைப் பிடிக்கும்போது ஒரு பக்கத் தோளில் பனி விழும், அல்லது தாஜ்மகால் வெயில் சுடும். எல்லா மனுஷிகளும் அவளிடம் கேட்டார்கள். அவளும் உள்ளதைச் சொல்லிக்கொண்டிருந்தாள், ராஜகனி டீச்சர் வருகிற வரைக்கும்.

ராஜகனி டீச்சர் தன் கணவர் தேவசகாயம் சாரின் படத்தை வைத்திருந்தார். சார் மாரடைப்பில் போய்ச் சில வருஷம் ஆகியிருந்தது. படத்தில் மனிதர் இருந்தால் அந்த மனிதரும் அசைவார் என்பது ஊருக்குத் தெரிந்துவிட்டதால், செத்தவர்களை வைக்கிற வழக்கம் மெல்லப் பரவிக்கொண்டிருந்த நேரம் அது. வடிவு டேப்போடு பின்னால் போனபோது சார் கோயில் வாசலில் நின்றுகொண்டு கைக்கடிகாரத்தைப் பார்ப்பதும், பாதையைப் பார்ப்பதும், மறுபடி கடிகாரத்தைப் பார்ப்பதுமாக இருந்தார். வருகிறேன் என்று சொன்னவர்கள் வராமல் போன முகம் அது. எம்புருஷன் என்ன செய்யுதாரு வடிவு என்று டீச்சர் கேட்டார். வாயில் வைத்திருந்த குண்டூசியை எடுக்காமலே, சார் சிரிக்காக டீச்சர் என்று வடிவு சொன்னாள். அந்த நிமிஷம் டீச்சர் இழுத்துவிட்ட மூச்சில் முதுகு அகலம் அரை அங்குலம் கூடியது. வடிவு கூடின அளவையே குறித்துக்கொண்டாள்.

அது நல்ல பொய்தான், அதை யாரும் மறுக்க முடியாது. ஊரே கூடிப் பேசி முடிவெடுத்தது போல எல்லா வாயிலும் அது ஒட்டிக்கொண்டது. யாருக்குப் பின்னால் எந்தச் செத்தவர் என்ன செய்துகொண்டிருந்தாலும், அழுதாலும் தலைதெறிக்க ஓடினாலும், கேட்டவர்களுக்குச் சிரிக்காக என்ற ஒரே பதில்தான். கேட்கிறவர்கள் நிம்மதியாக இருந்தார்கள். சொல்கிறவர்கள் புண்ணியம் செய்த மாதிரி நடந்துபோனார்கள்.

வடிவுக்குப் பின்னால் மட்டும் எதுவும் இல்லை. கரண்ட் போன டிவி மாதிரி ஒரு சாம்பல் பட்டை. அவளுக்கு முகநூல் பக்கம் திறந்துகொடுத்தது அவளுடைய ஒரே மகள் செண்பகவல்லி. வீட்டில் செம்பா. முகம் வைக்கிற சின்ன வட்டத்தில் வேலியோரத்துச் செம்பருத்தியை வைத்துவிட்டு, மேலே வைக்கிற பெரிய படத்தை அப்புறம் நல்லதாகப் பார்த்து வைப்போம் என்று சொல்லிக் கல்லூரிக்குப் போய்விட்டாள். போன வருஷம் ஆவணியில் வந்த விஷக்காய்ச்சலில் அவள் செத்துப்போனாள். டெங்கு என்றார்கள். பத்தொன்பது வயது.

மகள் போனதே போதாது என்று அவள் முகமும் போனது. செம்பாவின் போனில்தான் அவளுடைய எல்லாப் படங்களும் இருந்தன. பூட்டைத் திறக்கத் திரையில் புள்ளிகளை இழுக்கிற கோலம் அவள் விரலுக்கு மட்டும்தான் தெரியும். காரியம் முடிந்த மறுவாரம் அவள் அப்பா பிச்சையா அதைச் செல்போன் கடைக்குக் கொண்டுபோனார். அவர் நூற்பாலையில் வேலை பார்க்கிறவர், போன் என்றால் பேசத் தெரியும், வைக்கத் தெரியும். கடைக்காரப் பையன் உள்ளே இருக்கிறதெல்லாம் போயிடும், பரவாயில்லையா என்று கேட்டான். பூட்டைத்தான் சொல்கிறான் என்று நினைத்து அவர் தலையாட்டினார். போன் திறந்தது. கடையில் புதுசாக வாங்கின மாதிரி சுத்தமாகத் திறந்தது. பிச்சையா அந்தக் கடைக்காரனிடம் ஒரு வார்த்தை கோபமாகப் பேசவில்லை. வீட்டுக்கு வந்து தன் வலது கையைத் தானே கதவு நிலையில் திரும்பத் திரும்ப அடித்துக்கொண்டார்.

மிஞ்சினது ஒரே ஒரு படம். அது வடிவின் போனில் இருந்தது. பிச்சையாவின் அக்கா மகன் கல்யாணத்தில் எடுத்தது. வடிவின் கடுகு நிறப் பட்டுச்சேலையைக் கட்டிக்கொண்டு, தலை நிறையப் பிச்சிப்பூவோடு, மண்டபத்துத் தூணில் சாய்ந்து செம்பா நிற்கிற முழு உருவப் படம். தலை முதல் கால் வரை தெரிய வேண்டும், உயரம் தெரிய வேண்டும் என்று வடிவே எடுத்தது.

சாம்பல் பட்டையோடு தையல் மிஷினில் உட்கார்ந்திருக்கிற தாயைப் பார்த்து ஊர் பொறுக்கவில்லை. பெற்ற பிள்ளையை வைக்கக்கூட மனசு வரவில்லையா என்று நேராகவே கேட்டார்கள். வடிவுக்கு மனசு வராமல் இல்லை. வைத்தால் ஊரெல்லாம் செம்பாவைப் பார்க்கும், தான் மட்டும் பார்க்க முடியாது என்ற எண்ணம் நெஞ்சில் முள்ளாகக் கிடந்தது. ஆனாலும் செம்பா இன்னொரு தரம் அசைவாள், மூச்சு விடுவாள், தலையில் இருக்கிற பூவைச் சரிசெய்வாள். தன் கண்ணுக்குத் தெரியாவிட்டால்தான் என்ன, தன் முதுகுக்குப் பின்னால் உயிரோடு நிற்பாளே என்று ஒரு நாள் மத்தியானம் தையல் மிஷினை மூடிவைத்துவிட்டுப் புருஷனைக் கூப்பிட்டாள்.

அங்கேதான் அடுத்த அடி விழுந்தது. போன் கேட்ட இடம் அகலமானது, குட்டையானது. படமோ குறுகலானது, நெட்டையானது. படத்தை மேலும் கீழும் இழுத்து இடம் பார்க்கச் சொல்லிப் போன் சொன்னது. மேலே இழுத்தால் பட்டுக் கொசுவமும் கொலுசும். கீழே இழுத்தால் தூணின் உச்சியும் பூவும் நெற்றியும். எப்படி இழுத்தாலும் ஒரு பட்டை அளவுக்குத்தான் செம்பா கிடைத்தாள். துணி பற்றாத இடத்தில் எங்கே வெட்டினால் தெரியாது என்று அறிந்த கை அது. அந்தக் கைதான் இப்போது பெற்ற பிள்ளையை எங்கே வெட்டுவது என்று தெரியாமல் கண்ணாடித் திரையில் மேலும் கீழும் தடவிக்கொண்டிருந்தது. மகளின் பாதம் வேண்டாம் என்று எந்தத் தாயால் சொல்ல முடியும். கை வேண்டாம் என்று எப்படிச் சொல்வது. பிச்சையா வேறு பக்கம் பார்த்துக்கொண்டு, மொகத்த வையி என்றார். நெற்றியிலிருந்து மார்பு வரை நிறுத்தி, முழங்கைக்குக் கீழே இரண்டு கையையும் இழந்துவிட்டு, அவள் விரலை அழுத்தினாள்.

பிச்சையா எழுந்து அவளுக்குப் பின்னால் போனார். போனவர் வரவில்லை. தெருவில் ஒரு லாரி போய், அது திரும்பியும் வந்துவிட்டது. என்ன செய்யுதா என்று வடிவு கேட்டாள். மறுபடி கேட்டாள்.

"சிரிக்கா" என்றார் பிச்சையா.

அதற்குப் பிறகு வடிவு போகாத தெரு கிடையாது. ஒரு வருஷமாக வாசல்படி தாண்டாதவள் ரேஷன் கடைக்குப் போனாள், சந்தைக்குப் போனாள், தேவையே இல்லாமல் பேருந்து நிலையத்தை இரண்டு சுற்று சுற்றி வந்தாள். முன்னால் இருக்கிறவர்கள் தன்னைப் பார்க்காமல் தன் தோளுக்கு மேலே பார்ப்பதைக் கண்டு பூரித்தாள். செம்பாவோடு படித்த பெண்கள் கூட்டமாக வந்து அவளுக்குப் பின்னால் நின்று அழுதார்கள். வடிவு ஒரு கதவு மாதிரி அசையாமல் நின்று அழவிட்டாள். எல்லோரிடமும் கேட்டாள். எல்லோரும் சொன்னார்கள். சிரிக்கா. பூக்காரி சொன்னாள், சிரிக்கா. பால்காரர் சைக்கிளை நிறுத்தாமலே சொல்லிவிட்டுப் போனார். ராஜகனி டீச்சர் அவள் கன்னத்தைத் தொட்டுச் சொன்னார். கேட்டவுடனே, கேள்வி முடிவதற்கு முன்னாலேயே, வாயில் குண்டூசியை வைத்துக்கொண்டு பேசுகிறவர்கள் மாதிரி உதட்டைத் திறக்காமல் சொன்னார்கள்.

அந்தக் குரல் வடிவுக்குத் தெரியும். அதை முதன்முதலில் தைத்துப் போட்டவளே அவள்தானே.

அதோடு இன்னொன்றும் இருந்தது. முதுகு சுட்டது. ஐப்பசி போய்க் கார்த்திகை அடைமழை, ஊரெல்லாம் துணி காயாமல் ஈரவாடை அடித்தது. வடிவு அரைகுறையாகக் காய்ந்த ஜாக்கெட்டைப் போட்டுக்கொண்டால் முன்பக்கம் சாயங்காலம் வரை சில்லென்றிருக்க, முதுகுப் பக்கம் மட்டும் காப்பி குடிப்பதற்குள் மொடமொடவென்று காய்ந்தது. ரேஷன் வரிசையில் அவளுக்குப் பின்னால் நின்றவர்கள் ஓர் அடி தள்ளி நின்றார்கள். கல்யாண மண்டபத்தில் எடுத்த படத்துக்கு வெயில் ஏது, அடுப்பு ஏது என்று அவள் யோசித்தாள். பிச்சையாவும் மாறிப்போனார். முன்பு தெருவில் போனால் அவளை முன்னே விட்டுப் பின்னால் வருகிறவர், இப்போது விறுவிறுவென்று முன்னால் நடந்தார். வீட்டில் அவள் திரும்புகிற பக்கமெல்லாம் அவரும் சுற்றி அவள் முகத்துக்கு நேரே வந்து நின்றார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் அவர் சாப்பிட உட்கார்ந்தபோது வடிவு இட்லியை வைத்துவிட்டு எதிரில் முதுகைக் காட்டி உட்கார்ந்தாள். அவர் சாப்பிடவில்லை. தட்டு நகர்கிற சத்தம்கூட இல்லை.

"நான் டீச்சருக்குச் சொன்ன பொய்ய எனக்கே சொல்லாதீக" என்றாள் வடிவு. "என்ன செய்யுதா எம்புள்ள?"

பிச்சையா தட்டைத் தள்ளி வைத்தார். பேசியபோது ஆலையில் மிஷின் சத்தத்துக்கு நடுவில் பேசிப் பழகின அந்தப் பெரிய குரல் எங்கே போனதென்று தெரியவில்லை.

"அவளுக்கு மேலுக்கு முடியல வடிவு. கண்ணு ரெண்டும் செவந்து கெடக்கு. உதடு காஞ்சு வெடிச்சிருக்கு. தூணுல சாஞ்சுதான் நிக்கா. வேற யாரையும் பாக்க மாட்டேங்கா. உன் முதுகையே பாத்துட்டு நிக்கா."

"எதும் கேக்காளா?"

"வீட்டுக்குப் போவமாம்மான்னு கேக்கா. சத்தம் வரல, வாயி அசையுதுல்ல. வச்ச அன்னைலேருந்து அதையேதான் கேக்கா."

வடிவு திரும்பவில்லை. திரும்பி என்ன ஆகப்போகிறது.

அந்தக் கல்யாணத்துக்கு அவர்கள் கல்யாணம் பார்க்க மட்டும் போகவில்லை. பெண் பார்க்கிறோம் என்று வீட்டுக்கு வந்து சொஜ்ஜி சாப்பிட்டுப் போய்ப் பிறகு வேண்டாம் என்றால் பெண்ணுக்குக் கெட்ட பெயர் என்று, இன்னொருவர் வீட்டு விசேஷத்தில் வைத்து ஜாடையாகப் பார்த்துக்கொள்வது அவர்கள் பக்கத்து வழக்கம். சாத்தூரிலிருந்து ஒரு நல்ல இடம், பையன் அரசு வேலை, படிப்பு முடிகிற வரை காத்திருப்பதாகச் சொல்கிறார்கள், அவன் அம்மாவும் சித்தியும் அந்தக் கல்யாணத்துக்கு வருகிறார்கள். காலையிலேயே செம்பா ஒரு மாதிரி இருக்கிறதென்று சொன்னாள். மண்டபத்தில் தூணில் சாய்ந்தாள். வீட்டுக்குப் போவமாம்மா என்றாள். சாத்தூர்க்காரர்கள் இன்னும் வந்து சேரவில்லை. வடிவு வாசலையே பார்த்துக்கொண்டு, மகளுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, செத்த பொறு, ஓடியா போயிரும் வீடு என்று சொன்னாள். அவர்கள் வந்தார்கள். பார்த்தார்கள். பெண் சாய்ந்து நிற்கிற அழகைப் பையனின் சித்தி மெச்சினாள். முழு உருவமாக ஒரு படம் அனுப்புங்கள், பையனுக்குக் காட்ட வேண்டும் என்று கேட்டாள். நிமிர்ந்து நில்லு என்று சொல்லியும் தூணை விடாமல் சாய்ந்திருந்த மகளை வடிவு அப்படியே எடுத்தாள். பந்தியில் உட்கார்ந்து எழுந்து, சாத்தூர்க்காரர்களை வழியனுப்பிவிட்டுத்தான் பஸ் ஏறினார்கள். அப்புறம் மருந்துக்கடை மாத்திரை, அப்புறம் நிலவேம்புக் கசாயம், அப்புறம் ரயில்வே கேட்டுக்கு அந்தப் பக்கம் பெரிய ஆஸ்பத்திரி, அப்புறம் ஒன்றுமில்லை.

ஆக, காய்ச்சல் தொடங்கிய நாளைத்தான் அவள் தன் முதுகுக்குப் பின்னால் கட்டி வைத்திருந்தாள். படத்தில் செம்பாவுக்கு நாளை என்பது கிடையாது. இந்தக் காய்ச்சல் கூடப்போவதும் இல்லை, விடப்போவதும் இல்லை.

பிச்சையா ஒரு டம்ளர் தண்ணீரோடு எழுந்து பின்னால் போனார். செம்பா கழுத்தை நீட்டி உதட்டைக் குவித்தாள். டம்ளரைச் சாய்த்தார், தண்ணீர் முழுவதும் தரையில் விழுந்து ஓடி வடிவின் சேலையை நனைத்தது. செம்பா ஏமாந்து தன் உதட்டையே நக்கிக்கொண்டாள். அவர் டம்ளரை வைத்துவிட்டு, எடுத்துரு வடிவு, அந்தப் படத்த எடுத்துரு என்று கெஞ்சினார். புள்ளய நெதம் காய்ச்சல்ல நிக்க வச்சுப் பாக்க என்னால ஏலாது என்றார்.

"எடுத்துட்டா அவ எங்க போவா?" என்று வடிவு கேட்டாள். அவர் தரையில் ஓடிய தண்ணீரைத் துண்டால் துடைக்க ஆரம்பித்தார்.

அன்றிலிருந்து அந்த வீட்டில் இரண்டு பேரும் பைத்தியம் பிடிக்காமல் இருந்ததே பெரிய விஷயம். வடிவு ஈரத்துண்டைத் தோளுக்கு மேலே பின்பக்கம் வீசிப் பார்த்தாள். கஞ்சி வைத்துப் பின்னால் தள்ளி வைத்தாள். சுவரில் சாயாமல் உட்கார்ந்தாள், மல்லாக்கப் படுக்காமல் குப்புறப் படுத்தாள். வீட்டுக்குள்ளேயே இருந்தும், வீட்டுக்கு வந்தாச்சு செம்பா, வந்தாச்சு பாரு என்று சொல்லிச் சொல்லித் தொண்டை கட்டிப்போனது. படத்தில் இருந்தது மண்டபம்; வீடு இல்லை. வாய் அசைகிறதா என்று பிச்சையாவைக் கேட்பாள். அவர் தலையைக் குனிந்துகொள்வார்.

ஊருக்கு இது தெரியாமல் இல்லை. எல்லோருக்கும் முதல் நாளே தெரியும். ஆனால் ஒரு தரம் சொல்லப் பழகிய சொல்லை எப்படி மாற்றுவது. வடிவிடம் இல்லை என்று சொன்னால் ராஜகனி டீச்சரிடமும் இல்லை என்று சொல்ல வேண்டி வரும், பிறகு பூக்காரியின் தம்பியைப் பற்றி, பால்காரரின் அப்பாவைப் பற்றி, ஒவ்வொரு முதுகுக்கும் ஒரு உண்மையைச் சொல்லித் தீர வேண்டும். ஊர் அதற்குத் துணியவில்லை. அவள் தலையைக் கண்டதும் தெருவே சிரிக்கா, சிரிக்கா என்று முணுமுணுத்துக்கொண்டு கலைந்துபோனது.

ஒரு திங்கட்கிழமை விடிந்ததும் வடிவு தலைக்குக் குளித்து, மடித்து வைத்திருந்த நல்ல சேலையைக் கட்டிக்கொண்டு, கிளம்புங்க என்று புருஷனிடம் சொன்னாள். எங்கே என்று அவர் கேட்கவில்லை. ஊருக்குள்ளேயே இருக்கிற அரசு மருத்துவமனையில் காய்ச்சல் பிரிவுக்கு முன்னால் மழைக்காலத்துக் கூட்டம் தெருக்கோடிப் பாலத்தை எட்டியிருந்தது. சீட்டுப் போடுகிற அம்மாள் நிமிராமல் பெயர் கேட்டாள். செண்பகவல்லி என்றாள் வடிவு. வயது கேட்டபோது பத்தொன்பது என்றாள். அந்த அம்மாள் அப்போதுதான் நிமிர்ந்து எதிரே நிற்கிற நரைத்த தலையைப் பார்த்தாள். பிறகு தோளுக்கு மேலே பார்த்தாள். சீட்டை எழுதி முத்திரை குத்திக் கொடுத்தாள். பெஞ்சில் இருந்தவர்கள் நகர்ந்து இடம் விட்டார்கள். குழந்தையை மடியில் போட்டிருந்த ஒருத்தி வடிவுக்குப் பின்னால் முந்தானையால் விசிறினாள்.

மருத்துவர் சின்னப் பெண். ரயில்வே கேட்டுக்கு அந்தப் பக்கத்திலிருந்து பஸ்ஸில் வந்து போகிறவள், வேலைக்குச் சேர்ந்து சில நாள்தான் ஆகியிருந்தது. காலையிலிருந்து நெற்றிகளைத் தொட்டுத் தொட்டு மனித முகங்களே மறந்துபோன அலுப்பில், எது ஆள் எது படம் என்று பிரித்துப் பார்க்கிற நிலையில் அவள் இல்லை. இந்த ஊரில் என்ன கேட்டால் என்ன சொல்ல வேண்டும் என்று அவளுக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. வடிவு ஸ்டூலில் அவளுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தாள். பிச்சையா கதவோரம் நின்றுகொண்டார்.

மருத்துவர் வடிவின் தோளுக்கு மேலே கையை நீட்டினாள். தோளோரம் அந்தக் கை போவதை வடிவு பார்த்தாள். அது எட்ட வேண்டிய இடத்தை எட்டி நின்றதையும் உணர்ந்தாள். கண்ணைக் காட்டும்மா என்று மருத்துவர் சொன்னாள். நாக்கை நீட்டு என்றாள். பின்னால் எதுவோ அசைந்து வடிவின் பிடரியில் சூடான மூச்சு ஒன்று பட்டது. ஒரு வருஷத்துக்கும் மேலாகத் தன் மீது படாத மூச்சு அது.

"எத்தனை நாளா காய்ச்சல்?"

"இன்னைக்குத்தான் தாயி" என்றாள் வடிவு. "காலைலதான் ஒரு மாதிரி இருக்குன்னு சொன்னா."

மருத்துவர் பெருமூச்சு விட்டாள். அந்தக் காலைப்பொழுதில் முதன்முறையாக அவள் முகம் லேசானதைக் கதவோரம் நின்ற பிச்சையா பார்த்தார்.

"அப்போ பயப்பட ஒண்ணுமே இல்லம்மா. முதல் நாளே கூட்டிட்டு வந்துட்டீங்க. எல்லாரும் மாத்திரை வாங்கிப் போட்டுட்டு, கசாயம் குடுத்துட்டு, முத்தின பிறகுதான் தூக்கிட்டு வர்றாங்க, எங்களால ஒண்ணும் செய்ய முடியறதில்ல. இப்படி வந்தா கண்டிப்பா பொழைச்சுக்கும். தண்ணி மட்டும் நிறையக் குடுங்க, ஒரு வாரத்துல எழுந்து ஓடுவா. உங்கள மாதிரி எல்லா அம்மாவும் இருந்துட்டா எத்தனையோ பிள்ளைங்க வீட்டுக்குப் போகும்."

பிச்சையா துண்டை வாயில் திணித்துக்கொண்டு சுவரோடு சரிந்து உட்கார்ந்தார். மருத்துவர் சீட்டில் எழுதி நீட்டினாள். வடிவு அதை வாங்கக் கையைத் தூக்கினாள், கை பாதியில் நின்றுவிட்டது. வாசலில் நர்ஸ் அடுத்த பெயரைக் கூப்பிட்டாள், சற்றுப் பொறுத்து இன்னொரு தரம் கூப்பிட்டாள். வடிவு ஸ்டூலை விட்டு எழுந்திருக்கவில்லை.